எந்த நாளின் மழை? தொகுப்பு முன்கணிப்பும் நேரக் கணக்கின் வரலாறும்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையில் பெய்த பெருமழை இந்திய வானிலை வரலாற்றில் தனி இடம் பெற்றது. சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவானது. அதே நகரின் தென்முனையில் உள்ள கொலாபாவில் பதிவானதோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டர்தான். மழையின் பெரும்பகுதி 26-ஆம் தேதி பிற்பகலிலும் மாலையிலும் கொட்டித் தீர்த்தது. மும்பை மக்கள் நினைவிலும் அது ‘ஜூலை 26 வெள்ளம்’தான். ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நாள்மழைப் பதிவில் அந்த 944 என்னும் எண் ஜூலை 27-க்கு நேராக நிற்கிறது.

இதில் பிழை ஏதுமில்லை. இந்தியாவில் நாள்மழை என்பது காலை 8.30 மணிக்கு அளக்கப்படுவது. முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்த மழை, அளவீடு முடிந்த நாளின் தேதியைப் பெறுகிறது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்கும் இதுவே நடந்தது. டிசம்பர் 1 அன்று பகலிலும் இரவிலும் பெய்த மழை, டிசம்பர் 2-ஆம் தேதியின் மழையாகப் பதிவேறியது. மரபை அறிந்தவருக்கு இதில் குழப்பமில்லை. ஆனால் ஒரு கணினி நிரல் மரபை அறியாது. அது தேதியை மட்டுமே படிக்கும்.

முன்கணிப்பு மாதிரிகள் நாளைக் கணக்கிடும் முறை வேறு. அவற்றின் நாள் பெரும்பாலும் உலக நேரம் 00 மணியில் தொடங்குகிறது. இந்திய நேரப்படி அது காலை 5.30. ஆகவே மாதிரியின் ‘ஜூலை 26’ என்பது 26-ஆம் தேதி காலை 5.30 முதல் 27-ஆம் தேதி காலை 5.30 வரை. மழைமானியின் ‘ஜூலை 26’ என்பது 25-ஆம் தேதி காலை 8.30 முதல் 26-ஆம் தேதி காலை 8.30 வரை. ஒரே பெயர் தாங்கிய இவ்விரு நாள்களும் பகிர்ந்துகொள்வது மூன்றே மூன்று மணி நேரம். மாதிரியின் ‘ஜூலை 26’-ஐ மழைமானியின் ‘ஜூலை 27’-உடன் இணைத்தால் 21 மணி நேரம் ஒத்துப்போகும். தேதியைப் பார்த்துத் தேதியைச் சேர்க்கும் ஆய்வாளர், 24-இல் 21 மணி நேரத்தைத் தவறான நாளோடு ஒப்பிடுகிறார். மிகச் சரியாகக் கணித்த மாதிரியும் அவருடைய அட்டவணையில் தோற்றுப்போகும்.

இந்த நேரப் பிசகை மென்பொருளின் சிறு குறையாகக் கருதிக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில் அதன் வேர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான அறிவியல் வரலாற்றில் ஊன்றியுள்ளன. ‘எப்போது’ என்ற கேள்விக்கு வானிலையியல் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகள் இன்றைய தரவுக் கோப்புகளுக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன.

1780-இல் ஜெர்மானிய நகரமான மான்ஹைமில் பாலட்டின் வானிலைக் கழகம் தோன்றியது. தன் நிலையங்கள் அனைத்திற்கும் அது வகுத்த அளவீட்டு நேரங்கள் மூன்று: காலை 7, பிற்பகல் 2, இரவு 9. இவை ‘மான்ஹைம் மணிகள்’ எனப் பெயர்பெற்று ஐரோப்பியத் தட்பவெப்ப மரபில் நெடுங்காலம் நிலைத்தன. ஆனால் அவை அந்தந்த ஊரின் சூரிய நேரத்தைக் குறித்தவை. ஓர் ஊரின் பருவநிலையை அறிய உள்ளூர் நேரமே பொருத்தமானது. வெப்பமும் ஈரப்பதமும் சூரியனைப் பின்பற்றியே ஏறி இறங்குகின்றன. ஹைன்ரிக் பிராண்டஸ் 1820-இல் அந்தக் கழகத்தின் தரவுகளைக் கொண்டு 1783-ஆம் ஆண்டின் வானிலையை வரைபட நோக்கில் ஆராய்ந்தபோது, அதே தரவு வேறொரு பணிக்கு அழைக்கப்பட்டது. புயல் ஊர் ஊராக நகர்கிறது. அதைப் பின்தொடர ஒரே கணத்தில் எல்லா ஊர்களிலும் என்ன நிலை என்று தெரியவேண்டும். உள்ளூர் நேரத்தில் ஒன்றான ‘காலை 7’ உலகின் பார்வையில் ஒரே கணமன்று.

தந்தி வந்த பின்னரே ஒரே கணத்தின் வானிலையை அன்றே காண்பது இயன்றது. 1870 நவம்பர் 1 அன்று அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவு 24 நிலையங்களில் ஒரே நேரத்தில் அளவீடு எடுத்தது. அடுத்த ஆண்டு அப்பிரிவில் சேர்ந்த கிளீவ்லாந்து ஆப், 1874 ஏப்ரலில் தோன்றிய துருவ ஒளியைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து குறிப்புகள் திரட்டினார். ஒவ்வொருவரும் தத்தம் ஊர் மணிக்கூட்டை நம்பி எழுதியிருந்ததால், ஒரே ஒளியைப் பார்த்தவர்களின் நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்த அனுபவமே அவரைச் சீர் நேரத்தின் முன்னோடி ஆதரவாளர்களுள் ஒருவராக்கியது. 1879-இல் அவர் சீர் நேரம் குறித்த அறிக்கையை எழுதினார். ஐந்தாண்டுகள் கழித்து வாஷிங்டன் மாநாடு கிரீனிச்சை முதன்மைத் தீர்க்கரேகையாக ஏற்றது. சீர் நேரத்தின் வரலாற்றில் இரயில்வேயைப் பேசுவோர் வானிலையியலின் பங்கை மறந்துவிடுகின்றனர்.

இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை ஒட்டிய ‘மதராஸ் நேரம்’ கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையில் அமைந்திருந்ததால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில்வே அதையே கைக்கொண்டது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம் 20 விநாடி. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம். இரு துறைமுகங்களுக்கும் இடையே ஒரு மணிக்கும் சற்று மேலான இடைவெளி. 1875-இல் ஹென்றி பிளான்ஃபோர்டைத் தலைமையாகக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தபோது நாட்டிற்கென்று ஒரே நேரம் இருக்கவில்லை. 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்தியச் சீர் நேரம் 1906 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1950-களின் நடுப்பகுதி வரையிலும் தத்தம் நேரத்தை விடவில்லை. ஆகவே பழைய இந்தியப் பதிவேடு ஒன்றில் ‘காலை 8 மணி’ என்று கண்டால், எந்த 8 மணி என்ற கேள்வி எழாமல் மேலே செல்ல இயலாது.

இன்றைய 8.30 மணிக்கும் இதே வரலாற்றில் இடமுண்டு. இந்தியச் சீர் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. எனவே காலை 8.30 என்பது உலக நேரம் 03 மணி, உலக அளவில் மேற்பரப்பு வானிலை அளக்கப்படும் மும்மணி வரிசையில் ஒன்று. விடிந்து வந்து மழைமானியைப் பார்க்கும் உள்ளூர் வழக்கமும் உலக ஒழுங்கும் கைகோத்த இடம் அது. ஆனால் கணினி மாதிரிகளின் தலையாய நேரங்கள் 00, 06, 12, 18. இந்த ஆறுமணி வரிசையில் 03 இல்லை. இந்திய மழை ஆய்வின் நேரச் சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த மூன்று மணி நேர விலகலில் பிறந்தவையே.

மேல்வளி மண்டல அளவீட்டிலும் ஒரு காலத்தில் இவ்விலகல் இருந்தது. பலூன் ஏவும் முதன்மை நேரங்கள் 1957 வரை 03-உம் 15-உம் ஆகவே இருந்தன. சர்வதேச புவியியற்பியல் ஆண்டையொட்டி அவை 00-க்கும் 12-க்கும் மாற்றப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க மையங்கள் 1948 முதலான வானிலையை மறுபகுப்பாய்வு செய்தபோது, முதல் பத்தாண்டுக்கு 03, 09, 15, 21 ஆகிய நேரங்களில் பகுப்பாய்வு நடத்தவேண்டியிருந்தது. பிற்காலத் தொடரோடு பொருந்த, அப்பகுப்பாய்வுகளிலிருந்து மூன்று மணி நேரம் முன்னோக்கி ஓட்டிய கணிப்புகளைச் சேமித்தனர். ஆகவே அந்தத் தொடரின் தொடக்கப் பத்தாண்டில் ‘00 மணி’ நிலை என்று வாசிப்பது குறுகிய முன்கணிப்பே. போக்கு ஆய்வு செய்யும் மாணவர் இதை அறியாவிட்டால், அளவீட்டு நேரம் மாறியதைப் பருவநிலை மாறியதாகப் படித்துவிட நேரும்.

எண்முறை முன்கணிப்பு தோன்றியபோது நேரம் இரண்டாகப் பிரிந்தது. லூயிஸ் ரிச்சர்ட்சன் 1922-இல் வெளியிட்ட நூலில், 1910 மே 20-க்கான ஆறுமணி நேரக் கணிப்பைக் கையால் கணக்கிட்டிருந்தார். நடந்து முடிந்து ஆண்டுகள் பல ஆன ஒரு காலைக்குச் செய்த ‘முன்கணிப்பு’ அது. அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்ற விடை முற்றிலும் பிழையாகவும் இருந்தது. 1950-இல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நாய்மன் ஆகியோர் எனியாக் கணினியில் செய்த 24 மணி நேரக் கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே தேவைப்பட்டது. கணிப்பு வானிலையோடு இணையாக ஓடியது. அன்றுமுதல் ஒவ்வொரு கணிப்பு எண்ணுக்கும் குறைந்தது மூன்று நேரங்கள் உண்டு: மாதிரி எந்த நிலையிலிருந்து புறப்பட்டது என்னும் தொடக்க நேரம்; எவ்வளவு தொலைவு முன்னோக்கியது என்னும் முன்கணிப்புக் காலம்; எந்தக் கணத்தின் வானிலையைச் சொல்கிறது என்னும் பொருந்தும் நேரம். முதலிரண்டின் கூட்டுத்தொகையே மூன்றாவது. கணிப்பு பயனர் கைக்கு எப்போது வந்தது என்பது நான்காவது. அது கோப்பில் எழுதப்படுவதில்லை. ஆனால் எச்சரிக்கை விடுக்கும் அதிகாரிக்கு அதுதான் முதன்மையானது.

தொகுப்பு முன்கணிப்பு இந்தக் கணக்கைப் பல மடங்கு சிக்கலாக்கியது. 1961-இல் எட்வர்ட் லொரென்ஸ், 0.506127 என்ற எண்ணுக்கு மாற்றாக 0.506 என்று இட்டபோது அவருடைய கணினி மாதிரி சிறிது காலத்தில் முற்றிலும் வேறு வானிலைக்குச் சென்றது. ஒரே கணிப்பை நம்புவது அறிவுடைமையன்று என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. 1969-இல் எட்வர்ட் எப்ஸ்டைனும், 1974-இல் செசில் லீத்தும் நிகழ்தகவு நோக்கிலான கணிப்புக்குக் கோட்பாட்டு வழி வகுத்தனர். சற்றே மாறுபட்ட பல தொடக்க நிலைகளிலிருந்து மாதிரியைப் பலமுறை ஓட்டி, விடைகளின் பரவலிலிருந்து நம்பகத்தை அறிவது அந்த வழி. ஆனால் அந்த மாறுபட்ட தொடக்க நிலைகளை எங்கிருந்து பெறுவது?

ராஸ் ஹாஃப்மனும் யூஜீனியா கால்னேயும் 1983-இல் தந்த விடை எளிமையானது. இன்று ஓட்டிய கணிப்பும், பன்னிரண்டு மணி நேரத்திற்கு முன் ஓட்டிய கணிப்பும், அதற்கும் முந்தையதும் ஒரே நாளைய வானிலையைப் பற்றியே பேசுகின்றன. பழையவற்றைத் தூக்கி எறியாமல் புதியதோடு சேர்த்தால் அதுவே ஒரு தொகுப்பு. பழைய கணிப்புக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வேறுபாடே இயற்கையான இடையூறாகப் பயன்படுகிறது. கூடுதல் கணினிச் செலவு ஏதுமில்லை. பழையவை பிழை மிகுந்தவை என்பதால், அவற்றின் வயதுக்கேற்ற எடை தரவேண்டும் என்றும் அவர்கள் காட்டினர். இங்குதான் நேர விலகல் தொகுப்பின் அடித்தளமாகவே மாறியது.

1992 இறுதியில் ஐரோப்பிய நடுத்தரக் கால முன்கணிப்பு மையமும் அமெரிக்கத் தேசிய மையமும் தொகுப்பு முன்கணிப்பை அன்றாடப் பணியாக்கின. பின்தங்கிய ஓட்டங்களைச் சேர்க்கும் முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் உள்நாட்டுத் தொகுப்பு 2019 முதல் மணிக்கு மூன்று உறுப்புகளாக ஓடி, ஆறு மணி நேரத்தின் ஓட்டங்களைச் சேர்த்து 18 உறுப்புகளை அளிக்கிறது. இந்தியாவில் 2018 ஜூன் 1 அன்று 12 கிலோமீட்டர் நுண்மையுடைய இரண்டு உலகளாவிய தொகுப்புகள் பணிக்கு வந்தன. அவற்றுள் நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தின் தொகுப்பில் ஒரு கட்டுப்பாட்டு ஓட்டமும் 22 இடையூற்று உறுப்புகளும் உண்டு. அவற்றில் 11 அன்றைய 00 மணியிலிருந்தும், 11 முந்தைய நாள் 12 மணியிலிருந்தும் புறப்படுபவை.

இத்தகைய தொகுப்பைப் பகுப்பாய்வு மென்பொருளில் ஏற்றும்போது நிகழக்கூடிய தவறு ஒன்றை விரித்துக் காண்பது பயனுடையது. ஜூலை 26, 00 மணி ஓட்டத்தின் 24-ஆவது மணி, 27-ஆம் தேதி இந்திய நேரம் காலை 5.30-ஐக் குறிக்கிறது. ஜூலை 25, 12 மணி ஓட்டத்தின் 24-ஆவது மணி, 26-ஆம் தேதி மாலை 5.30-ஐக் குறிக்கிறது. முன்கணிப்புக் காலம் இரண்டிலும் ஒன்றே. அந்த எண்ணை மட்டும் நம்பி இரண்டையும் அடுக்கும் நிரல், விடியலையும் மாலையையும் ஒரே கணமாக எண்ணிச் சராசரி காணும். பருவமழை நாட்டில் இடிமழைக்குத் தெளிவான பகல்-இரவுச் சுழற்சி உண்டு. ஆகவே உறுப்புகளிடையே தோன்றும் பரவலில் ஒரு பகுதி வளிமண்டலத்தின் நிச்சயமின்மையன்று, கடிகாரத்தின் வேறுபாடு. பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடமும் அழகாகவே இருக்கும்.

திரண்ட மழைக்கு இன்னொரு படியும் தேவை. ஐரோப்பிய மையத்தின் மாதிரி மழையைத் தொடக்க நேரத்திலிருந்து கூட்டிக்கொண்டே செல்கிறது. மும்பையின் அந்த 944 மில்லிமீட்டருக்கு நிகரான கணிப்பைப் பெற, 26-ஆம் தேதி 00 மணி ஓட்டத்தில் 27-ஆவது மணியின் தொகையிலிருந்து 3-ஆவது மணியின் தொகையைக் கழிக்கவேண்டும். முந்தைய நாள் 12 மணி ஓட்டத்தில் 39-இலிருந்து 15-ஐக் கழிக்கவேண்டும். ஆறுமணிக்கு ஒருமுறை மட்டும் சேமிக்கப்பட்ட தரவில் 3, 27, 15, 39 ஆகிய மணிகளே இரா. 2006 அக்டோபர் முதல் உலகின் பல மையங்களின் தொகுப்புகளைச் சேமித்துவரும் டிக்கி காப்பகம் ஆறுமணிப் படிநிலையைக் கொண்டது. அதைப் பயன்படுத்தும் இந்திய ஆய்வாளர் மூன்று மணி நேர விலகலை ஏற்றுக்கொள்ளவோ, இடைமதிப்பிடவோ வேண்டும். எதைச் செய்தாலும் ஆய்வேட்டில் அதைச் சொல்லியாகவேண்டும்.

கோப்பு வடிவங்களும் தம் பிறப்புக் காலத்தின் சுவடுகளைச் சுமக்கின்றன. 1980-களில் உலக வானிலை நிறுவனம் வகுத்த கிரிப் முதற்பதிப்பில் முன்கணிப்புக் காலத்திற்கு ஒதுக்கப்பட்ட இடம் ஓர் எண்மடி. அதில் அடங்கும் உச்ச எண் 255. பத்து நாள் கணிப்புக்கு 240 மணி போதும். பதினைந்து நாளுக்கு 360 வேண்டும். எனவே நேர அலகை மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று மாற்றுவது, அல்லது இரண்டு எண்மடிகளை இணைத்து வாசிக்கும் தனிக் குறியீட்டைப் பயன்படுத்துவது என்ற வழிகள் கையாளப்பட்டன. அலகைப் பாராமல் எண்ணை மட்டும் படிக்கும் நிரலுக்கு 60 என்பது 60 மணியா, 360 மணியா என்று தெரியாது.

நெட்சிடிஎஃப் கோப்புகளில் நேரம் ‘இன்ன நாளிலிருந்து இத்தனை மணி’ என்று எழுதப்படுகிறது. அந்தத் தொடக்க நாள் 1970 ஆகவும், 1900 ஆகவும், 1800 ஆகவும் இருக்கலாம். பழைய மறுபகுப்பாய்வுக் கோப்புகள் சிலவற்றில் அது கி.பி. 1-ஆம் ஆண்டாகவே இருந்தது. அங்கிருந்து எண்ணும்போது ஜூலியன் நாள்காட்டியைக் கணக்கில் எடுக்கும் மென்பொருளும், கிரெகோரியனை அதுவரை பின்னோக்கி நீட்டும் மென்பொருளும் இரண்டு நாள் வேறுபடும். 16-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை செய்த நாள்காட்டிச் சீர்திருத்தம், 20-ஆம் நூற்றாண்டு வானிலைத் தரவை 48 மணி நேரம் நகர்த்த வல்லது என்பது வரலாற்று மாணவருக்கு வியப்பளிக்காது.

சொற்களிலும் ஒற்றுமை இல்லை. 2003-இல் முதல் வடிவம் பெற்ற சிஎஃப் மரபிலும் அதைப் பின்பற்றும் ஐரிஸ் நூலகத்திலும் ‘டைம்’ என்பது பொருந்தும் நேரம். தொடக்க நேரத்திற்குத் தனிப் பெயர் உண்டு. ஐரோப்பிய மையத்தின் சிஎஃப்கிரிப் கருவியிலோ ‘டைம்’ என்பது தொடக்க நேரம். பொருந்தும் நேரத்திற்கே தனிப் பெயர். ஒரே சொல், இரு பொருள். இரு கருவிகளையும் ஒரே ஆய்வில் கலந்து பயன்படுத்துவோர் இதில் தடுக்கி விழுவது எளிது.

மென்பொருள் வகுத்த தீர்வுகளும் முழுமையானவை அல்ல. பிரிட்டிஷ் அலுவலகத்தின் இம்ப்ரூவர், பின்தங்கிய ஓட்டங்களை இணைக்கும்போது பொருந்தும் நேரம் ஒன்றாக உள்ளதா எனச் சரிபார்க்கிறது. உறுப்பு எண்கள் மோதினால் புதிதாக எண்ணிடுகிறது. முழுத் தொகுப்புக்கும் மிக அண்மைய தொடக்க நேரத்தை அளிக்கிறது. அன்றாடப் பணிக்கு இது போதுமானது. ஆனால் அந்த இணைப்புக்குப் பின் எந்த உறுப்பு மூத்தது, எது இளையது என்பது கோப்பிலிருந்து மறைகிறது. உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை என்ற எடுகோளில் நிற்கும் தரவரிசைப் பட்டைவரைபடம் போன்ற சோதனைகள், வயது வேறுபட்ட உறுப்புகளிடம் அந்த எடுகோளை இழக்கின்றன. ஹாஃப்மனும் கால்னேயும் வலியுறுத்திய எடைக்கும் வழியில்லாமல் போகிறது.

ஆகவே ஆய்வு மாணவர்கள் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில உண்டு. தொடக்க நேரம், முன்கணிப்புக் காலம், பொருந்தும் நேரம் மூன்றையும் ஒவ்வொரு உறுப்புக்கும் இறுதிவரை விடாமல் வைத்திருத்தல். ஓட்டங்களைப் பொருந்தும் நேரத்தால் மட்டுமே இணைத்தல். மழைக்கு ஒரு கணத்தைக் குறிக்காமல் தொடக்கமும் முடிவும் உள்ள கால எல்லையைக் குறித்தல். கணக்குகள் யாவையும் உலக நேரத்தில் செய்து, இந்திய நேரத்திற்கு இறுதியில் மட்டும் மாற்றுதல். மழைமானித் தொடரை ஒரு நாள் முன்னும் பின்னும் நகர்த்தி ஒட்டுறவைக் கணக்கிட்டுப் பார்த்தல். நகர்த்தியபோது ஒட்டுறவு உயர்ந்தால், மாதிரியைக் குறைகூறுமுன் நாளின் எல்லையைச் சந்தேகிக்கவேண்டும்.

1901 முதலான மழையைக் கட்டங்களாகத் தரும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் பாகைத் தரவு, 6955 நிலையங்களின் பதிவுகளிலிருந்து உருவாக்கப்பட்டது. செயற்கைக்கோள் மழையோடும் மாதிரிகளோடும் அதை ஒப்பிடும் ஆய்வுகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. அவ்வாய்வுகளின் முடிவுகளை வைத்தே எந்த மாதிரி நம்பத்தக்கது, எந்த நிகழ்தகவில் எச்சரிக்கை விடுப்பது என்பவை தீர்மானிக்கப்படுகின்றன. அத்தகைய ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் ‘நாள்’ என்ற சொல் எந்த மணியில் தொடங்கி எந்த மணியில் முடிகிறது என்று ஒரு வரி இருக்கிறதா என்பதை, நெறியாளரும் மதிப்பீட்டாளரும் முதலில் தேடிப் பார்க்கவேண்டும்.